சின்னப் பிள்ளைகளின் வீட்டுவேலை: பையைத் திறப்பதிலிருந்து பையை மூடுவது வரை

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரத்தில் ஐந்து பிள்ளைகள் இருந்து எழுதுவார்கள். இரண்டு பேர் என் பிள்ளைகள், ஒருவன் தங்கையின் மகன், மற்ற இரண்டு பேரும் பக்கத்து வளவுப் பிள்ளைகள். தரம் 1 முதல் தரம் 5 வரை எல்லாரும் உண்டு. நாலு வருடமாக இது நடக்கிறது. முதல் வருடம் அழுகையும் ஏச்சுமாகத்தான் போனது. இப்போது பெரும்பாலான நாட்களில் ஆறரைக்குள் பைகள் மூடிவிடும். பிள்ளைகள் அதே மாதிரிப் பிள்ளைகள்தான், எதற்குப் பிறகு எது என்ற ஒழுங்கைத்தான் மாற்றினேன். புதிதாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்ட தாய்மார் பலர் இதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். வீட்டுவேலை பிள்ளையின் வேலை. இடம், நேரம், சாமான், ஒழுங்கு ஆகியவை பெரியவர்களின் வேலை. இந்த இரண்டும் கலந்துவிடாமல் இருப்பதற்காகத்தான் கீழே உள்ள எல்லாப் படிகளும்.

1. தொடங்குவதற்கு முதல்: இடமும் ரின்னும்

எழுதும் இடம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். இன்றைக்குக் கட்டில், நாளைக்குக் குசினி வாசல் என்று மாறினால் ஒவ்வொரு நாளும் பிள்ளை அந்த இடத்துக்குப் புதிதாகப் பழகவேண்டும். தனி அறை தேவையில்லை, விறாந்தையின் ஒரு மூலை போதும். ரீவி மட்டும் கண்ணில் படக்கூடாது. சத்தம் கேட்டால்கூடப் பிள்ளை சமாளிக்கும், படம் தெரிந்தால் சமாளிக்காது.

பாயில் குப்புறக் கிடந்து எழுதுவது முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு கழுத்து நோகும், எழுத்து றூளை விட்டு ஏறி இறங்கும். சாப்பாட்டு மேசையில் இருத்தினால் முழங்கையை மேசையில் வைக்கும்போது தோள் மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் கதிரையில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு உயர்த்துங்கள், கால் தொங்காமல் கீழே ஒரு பலகைக்கட்டை வையுங்கள். கால் அந்தரத்தில் தொங்கும் பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதைக் குழப்படி என்று நினைத்து ஏசிக்கொண்டிருப்போம். என் மகளை நான் ஒரு வருடம் முழுக்க இப்படி ஏசினேன். கட்டை வைத்த அன்றைக்கே நெளிவு நின்றது, அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் நோகும்.

வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் தன் கையின் நிழலே எழுத்தின் மேல் விழும். இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம். இடக்கைப் பிள்ளையை மேசையின் இடது ஓரத்தில் இருத்துங்கள், பக்கத்தில் இருப்பவரின் முழங்கையோடு இடிபடாது.

சாமான்களுக்கு ஒரு பழைய பிஸ்கற் ரின் எடுங்கள். அதற்குள் சீவிய பென்சில் மூன்று, அழிறப்பர், கட்டர், அடிமட்டம், கலர் பென்சில், கம், கத்தரிக்கோல். ஒரு பிடி புளியங்கொட்டை. பத்துப் பத்தாக நூலால் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் பத்து, உதிரியாக இருபது ஈர்க்கு. இவற்றை ஏன் சொல்கிறேன் என்பது கணக்குக்கு வரும்போது தெரியும். பென்சில் தேட எழும்பும் பிள்ளை திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகும், வழியில் பூனை இருக்கும், தண்ணீர்த் தாகம் வரும். எழும்பக்கூடிய காரணங்களை முதலே எடுத்துவிட்டால் ஏசவேண்டி வராது.

ஒற்றை றூள் கொப்பி, சதுர றூள் கொப்பி இரண்டிலும் மேலதிகமாக ஒவ்வொன்று வீட்டில் இருக்கட்டும். கொப்பி எப்போதும் கடை பூட்டிய பிறகுதான் முடியும்.

2. வந்ததும் சோறு, சோற்றுக்குப் பிறகு பையில் இரண்டு நிமிடம்

விடிய ஏழரைக்குத் தொடங்கிய பள்ளிக்கூடத்திலிருந்து வெயிலில் வரும் பிள்ளையிடம் வாசலிலேயே "இண்டைக்கு என்ன வீட்டுவேலை?" என்று கேட்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பசிதான் நினைவிருக்கும். "ஒண்டுமில்லை" என்று சொல்லும். அது பொய் இல்லை, உண்மையிலேயே அந்த நேரம் ஞாபகம் வராது. முகம் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பிடட்டும்.

சாப்பிட்ட கையோடு பையைத் திறக்கவேண்டும். எழுதுவதற்காக அல்ல, பார்ப்பதற்காக மட்டும். இந்தப் படியைத்தான் எல்லாரும் பின்னேரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள், அதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. சுற்றாடல் பாடத்துக்கு ஐந்து விதமான இலை கொண்டுபோகவேண்டும், வெறும் நெருப்புப்பெட்டி இரண்டு வேண்டும், பிறிஸ்டல் போர்ட் ஒன்று வேண்டும் என்பதெல்லாம் பைக்குள் இருக்கும் குறிப்பில்தான் தெரியும். தங்கையின் மகன் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கையிலிருந்து எழும்பி "பெரியம்மா, நாளைக்கு ரீச்சர் இலை கேட்டவ" என்றான். ரோச் லைற் பிடித்துக்கொண்டு வளவில் வேப்பிலை, முருங்கை இலை, பூவரசம் இலை என்று நானும் அவனும் தேடினோம். அவன் பயத்தில் நித்திரை கொள்ளவே பதினொரு மணி ஆயிற்று. மதியம் இரண்டு மணிக்குத் தெரிந்திருந்தால் விளையாட்டோடு விளையாட்டாக முடிந்திருக்கும்.

பையைத் திறந்து பிள்ளையே ஒவ்வொரு கொப்பியாக எடுத்து "இதில இருக்கு, இதில இல்லை" என்று சொல்லட்டும். நீங்கள் எடுக்காதீர்கள். பிள்ளை தன் வேலையைத் தானே அறிந்துகொள்ளும் இடம் இதுதான். வேலை இருக்கும் கொப்பிகளை மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். அந்த அடுக்குதான் அன்றைய பட்டியல். எழுதத் தெரியாத தரம் 1 பிள்ளைக்கும் அது விளங்கும், ஒவ்வொரு கொப்பியாக அடுக்குக் குறைவதும் கண்ணுக்குத் தெரியும்.

வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ரீச்சர் ஏதாவது போட்டிருந்தால் இப்போதே பார்த்து ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிவிட்டுப் போனை உள்ளே வையுங்கள். பாடப்புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால் பதற வேண்டாம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் இருக்கின்றன, இறக்கி உரிய பக்கத்தைப் பார்க்கலாம். குழுவில் மற்றப் பிள்ளைகள் செய்து முடித்த பக்கத்தின் படம் வரும். அதைப் பிள்ளைக்குக் காட்டாதீர்கள். ஒருதரம் பார்த்து எழுதினால் அடுத்தநாளும் படம் வரும் என்று காத்திருக்கும்.

3. எப்போது தொடங்குவது

எங்கள் வீட்டில் நாலரை. அதற்கு முன் கொஞ்சம் படுக்கலாம், விளையாடலாம். நாலரைக்குப் பிளேன்ரீயும் ஏதாவது தின்னவும் கொடுத்துவிட்டு இருத்துவேன். உங்கள் வீட்டில் மூன்றரையாக இருக்கலாம், ஐந்தாக இருக்கலாம், மணி முக்கியமில்லை, ஒவ்வொரு நாளும் அதே மணியாக இருப்பதுதான் முக்கியம். நேரம் நிலையாக இருந்தால் "இப்ப இருக்கிறியா இல்லையா" என்ற இழுபறி இல்லாமல் போகும். பிள்ளை உங்களோடு பேரம் பேசலாம், மணிக்கூட்டோடு பேச முடியாது.

பொழுதுபட்ட பிறகு தொடங்காதீர்கள். விளக்கு வைத்த பிறகு சின்னப் பிள்ளைக்கு நித்திரை கண்ணைச் சுழற்றும், அதோடு கார்த்திகை மழையில் கரண்ட் எந்த நேரமும் போகலாம். மழைக்காலத்தில் எழுத்துவேலையை வெளிச்சத்தில் முடித்து, வாய்ப்பாடு, தேவாரம் போன்ற வாய்வேலையை இருட்டுக்கு விடுங்கள். அதற்கு விளக்கே தேவையில்லை.

ரியூசன் போகும் பிள்ளை என்றால் சிக்கல்தான், இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, இரண்டரைக்கு ரியூசன் போய், ஐந்தரைக்குத் திரும்பி, இரண்டு இடத்து வேலையையும் ஒரு தரம் 3 பிள்ளை எப்படிச் செய்யும்? அந்த நாட்களில் பள்ளிக்கூட வேலை முதல், ரியூசன் வேலை நேரம் இருந்தால் மட்டும். நாளைக்கு விடிய கொப்பியைப் பார்க்கப்போவது வகுப்பு ரீச்சர். தரம் 1, 2 பிள்ளைக்கு ரியூசன் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருடத்திலும்கூடப் பயிற்சி வினாத்தாள் அன்றைய வீட்டுவேலைக்குப் பிறகுதான் வரவேண்டும், அன்றைய பாடம் விளங்காத பிள்ளைக்கு வினாத்தாள் பயத்தை மட்டும்தான் கொடுக்கும்.

4. அடுக்கில் எது முதல்

முதலில் சின்னதும் இலேசானதுமான ஒன்று. ஐந்து நிமிடத்தில் முடியும் கலர் அடிக்கும் வேலையோ, ஒரு பந்தி பார்த்து எழுதுவதோ. கொப்பி ஒன்று குறைந்துவிட்டது என்றதும் பிள்ளைக்குக் கை சூடாகும். இரண்டாவதாகக் கடினமானது. அது எது என்று பிள்ளையைக் கேளுங்கள், உங்களுக்குக் கடினமாகத் தெரிவது அதற்கு இலேசாக இருக்கலாம். கடைசியில் மறுபடி இலேசானது.

கஷ்டமானதை முதல் முடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய பிள்ளைக்கு அது சரி. ஏழு வயதுப் பிள்ளை முதல் கணக்கிலேயே அடைபட்டால் அன்றைக்கு முழு அடுக்கும் அப்படியே கிடக்கும். கஷ்டமானதைக் கடைசிக்கு விட்டால் களைப்பும் சேர்ந்து அழுகை வரும். அதனால்தான் நடுவில்.

5. இருக்கும் நேரமும் நீங்கள் இருக்கும் இடமும்

நான் வைத்திருக்கும் கணக்கு: தரம் 1, 2 பிள்ளைக்கு மொத்தம் இருபது நிமிடம். தரம் 3, 4க்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி. தரம் 5க்கு ஒரு மணி. ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் ஒருதரம் எழும்பி முற்றத்தைச் சுற்றிவிட்டு வரலாம். நேரம் முடிந்தும் வேலை மிச்சம் என்றால் நிறுத்துங்கள், மிச்சத்தை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எங்கே இருப்பது? பக்கத்தில், ஆனால் கொப்பிக்கு மேலே குனிந்துகொண்டு அல்ல. நான் அதே மேசையின் மறு அந்தத்தில் இருந்து முருங்கை இலை உருவுவேன், கணக்குப் புத்தகம் எழுதுவேன். பெரியவரும் ஒரு வேலையோடு இருந்தால் பிள்ளையும் இருக்கும். போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையின் கண்ணும் போனுக்குத்தான் போகும். முழுக்கத் தள்ளிக் குசினியில் நின்றால் "அம்மா" என்ற கூப்பாடு நிமிடத்துக்கு ஒன்று வரும். நீங்கள் பக்கத்தில் இல்லை என்பதே அந்தக் கூப்பாட்டின் பாதிக் காரணம்.

மூத்த பிள்ளை இளையவருக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லதுதான். ஒரு சட்டம் வையுங்கள்: விடை சொல்லக்கூடாது, கேள்வி கேட்கலாம்.

6. பிழை விட்டால்: முதல் கேளுங்கள்

இதில்தான் நான் அதிகம் பிழை விட்டேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தரம் 3 படித்தபோது தங்கையின் மகன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். நான் உடனே அழிறப்பரை எடுத்து அழித்துவிட்டு, "கடன் வாங்கு" என்று சொல்லித் திருப்பிச் செய்வித்தேன். 25 வந்தது. அடுத்த கணக்கு 63 கழித்தல் 38. அதற்கு 35 என்று எழுதினான். மறுபடி அழித்தேன். மூன்றாவது கணக்கிலும் அதே கதை வந்தபோதுதான் பேசாமல் இருந்து கேட்டேன்: "அப்பன், இதை எப்பிடிச் செய்தனீங்கள்? எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ."

அவன் சொன்னான்: "பெரியம்மா, ரெண்டில இருந்து ஏழு எடுக்கேலாது. அதால ஏழில இருந்து ரெண்டை எடுத்தன். அஞ்சு."

அவனுக்குக் கவனம் குறைவு இல்லை. இருப்பதை வைத்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். சின்ன எண்ணிலிருந்து பெரியது போகாது என்று தரம் 1இல் கேட்டது அவனுக்குள் அப்படி நின்றுவிட்டது. நான் எத்தனை தரம் அழித்தாலும் அந்த வழி அழியாது.

ஈர்க்கை எடுத்தோம். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "27ஐ எனக்குத் தாங்கோ" என்றேன். இரண்டு கட்டைத் தூக்கித் தந்தான். ஏழு உதிரி வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, நான் சொல்லாமலே, ஒரு கட்டின் நூலை அவிழ்த்தான். பன்னிரண்டு உதிரி. ஏழை எண்ணித் தந்தான். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி. "இருபத்தஞ்சு" என்று தானே சொன்னான். கடன் வாங்குவது என்றால் கட்டு அவிழ்ப்பது என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது. அடுத்த ஒரு வாரம் ஈர்க்கோடு செய்தான், பிறகு ஈர்க்கைத் தொடவில்லை.

ஆகவே ஒழுங்கு இது: பிழையைக் கண்டால் அழிக்காதீர்கள். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். சரியாக வந்த கணக்குக்கும் இடைக்கிடை கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கேள்வி வந்தாலே பிழை என்று பிள்ளை பழகி, கேட்டவுடனேயே அழித்துவிடும். கேட்ட பிறகு கையால் தொடக்கூடிய சாமானோடு செய்து காட்டச் சொல்லுங்கள். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஈர்க்கு, பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் புளியங்கொட்டை. பன்னிரண்டு கொட்டையை மூன்று பேருக்குப் பங்கிடும் பிள்ளைக்கு வகுத்தலைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

பென்சில் எந்த நேரத்திலும் பிள்ளையின் கையில்தான் இருக்கவேண்டும். நீங்கள் காட்ட நினைத்தால் வேறு கடதாசி எடுத்து வேறு எண்ணில் செய்து காட்டுங்கள். அதே கணக்கைக் காட்டினால் அது பார்த்து எழுதுவதாகிவிடும்.

7. தமிழ்: சொல்வதெழுதுதலும் பந்தியும்

சொல்வதெழுதுதலுக்குப் பத்துச் சொல் தந்தால் ஒவ்வொன்றையும் பத்துத் தரம் எழுது என்று விடுகிறோம். பிள்ளை என்ன செய்கிறது என்று ஒருதரம் பக்கத்திலிருந்து பாருங்கள். முதலெழுத்தை மேலிருந்து கீழே பத்துத் தரம் எழுதும், பிறகு இரண்டாவது எழுத்தைப் பத்துத் தரம். பக்கம் நிறையும், சொல்லாக ஒருதரமும் மனதில் பதிந்திருக்காது. இதற்குப் பதிலாக: சொல்லைப் பார்க்கட்டும், வாய்விட்டு வாசிக்கட்டும், கையால் மூடட்டும், பார்க்காமல் எழுதட்டும், திறந்து ஒத்துப்பார்க்கட்டும். ஒரு சொல்லுக்கு மூன்று தரம் போதும்.

எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேட்கும். "பழம்" என்று நாங்கள் சொல்வதைக் காதால் கேட்டால் "பளம்" என்றுதான் பிள்ளை எழுதும், அதில் பிள்ளையின் பிழை எதுவும் இல்லை. சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் ழகரத்தை நாக்கை வளைத்துச் சொல்லுங்கள். ழகரம் வரும் சொற்களை ஒரு கூட்டமாக ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: பழம், வாழை, மழை, கிழமை, தமிழ்.

ண, ன, ந என்ற மூன்று எழுத்துகளுக்கும் ஒரு வழி இருக்கிறது, பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். பக்கத்து எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டகரத்துக்கு முன்னால் ண்: வண்டு, நண்டு. றகரத்துக்கு முன்னால் ன்: கன்று, தென்றல். தகரத்துக்கு முன்னால் ந்: பந்து, சந்தை. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று அந்த எழுத்துகளுக்குப் பெயரே அப்படித்தான் இருக்கிறது, பெயரைச் சொன்னாலே விதியும் ஞாபகம் வரும். தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் ந மட்டும்தான் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டும் தெரிந்த பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடு நன்றாகக் குறையும்.

பந்தி எழுதுவதில் இரண்டு தடங்கல் வரும். ஒன்று, பேச்சை அப்படியே எழுதுவது: "நான் நல்லூருக்குப் போனனான்." சிரிக்காதீர்கள், "இதென்ன தமிழ்" என்று கேட்காதீர்கள், அது எங்கள் வீட்டுத் தமிழ். கதைக்கும்போது போனனான், எழுதும்போது போனேன் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்லுங்கள். இரண்டாவது, பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதுவது. "எனது ஊர் இயற்கை வனப்பு நிறைந்தது" என்று தாய் சொன்ன வசனம் ரீச்சருக்கு உடனே தெரியும், தவணைப் பரீட்சையில் தாய் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளை வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேள்வி மட்டும் கேளுங்கள். ஆரோடு போனீங்கள்? முதல் எதைக் கண்டீங்கள்? என்ன வாங்கினீங்கள்? பிள்ளை வாயால் சொல்லும் ஒவ்வொரு பதிலும் ஒரு வசனம். வாயால் முழுக்கச் சொன்ன பிறகுதான் பென்சிலைத் தொடவேண்டும், ஏனென்றால் யோசிப்பதையும் எழுத்துக்கூட்டுவதையும் ஒரே நேரத்தில் செய்வது அந்த வயதுக்குப் பாரம். அப்புறம் எழுதியது ஐந்து வரியாக இருந்தாலும் அது பிள்ளையின் ஐந்து வரி.

8. பாடமாக்குவது: வாய்ப்பாடும் தேவாரமும்

வாய்ப்பாட்டை இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகப் பாடமாக்கிக்கொண்டு போனால் ஏழில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். நான் வைக்கும் வரிசை வேறு. முதல் பத்து, பிறகு இரண்டு, ஐந்து. இரண்டைத் திருப்பி இரட்டித்தால் நாலு. அடுத்தது மூன்று, அதை இரட்டித்தால் ஆறு. ஒன்பதுக்குப் பத்து மடங்கிலிருந்து ஒருதரம் குறைத்தால் சரி: 9 × 7 என்றால் 70இலிருந்து 7 போக 63. 3 × 8உம் 8 × 3உம் ஒன்று என்பதைப் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி, தாளைத் திருப்பிக் காட்டுங்கள். இவ்வளவும் தெரிந்தால் பத்துக்குள் மிச்சம் மூன்றே மூன்று: 7 × 7 = 49, 7 × 8 = 56, 8 × 8 = 64. ஏழாம் வாய்ப்பாடு என்ற மலை மூன்று கல்லாகச் சுருங்கியதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களும் ஒருநாள் பார்க்கவேண்டும்.

வரிசையாக ஒப்பிப்பதோடு நிறுத்தாதீர்கள். வரிசையில் மட்டும் தெரிந்த பிள்ளை "ஆறேழு?" என்றால் ஓராறிலிருந்து தொடங்கும். கிணற்றடியில், சைக்கிளில் போகும்போது, குறுக்கும் மறுக்குமாக ஒவ்வொன்று கேளுங்கள்.

தேவாரத்தை வாசிக்க விடாமல் பாட விடுங்கள், பண்ணோடு சேர்ந்து வரி தானாக வரும். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். வீட்டில் அம்மம்மா இருந்தால் இந்த வேலையை அவவிடம் விட்டுவிடுங்கள்.

9. வாசிப்பு ஒவ்வொரு நாளும், வேலை இல்லாத நாளிலும்

பத்து நிமிடம் வாய்விட்டு வாசித்தல். ரீச்சர் தரவில்லை என்றாலும் இதை விடாதீர்கள், ஏனென்றால் தரம் 3க்குப் பிறகு கணக்கிலும் சுற்றாடலிலும் பிள்ளை இடறுவது பலநேரம் கேள்வியை வாசித்து விளங்காததால்தான். வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் விழுந்து திருத்தாதீர்கள். வசனம் முடியட்டும். கருத்தை மாற்றும் பிழை என்றால் மட்டும் அந்த வசனத்தை இன்னொருதரம் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேட்பதற்கு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குக் கனடாவில் இருக்கும் அப்பப்பா வீடியோவில் வருவார், அங்கே அப்போது காலை எட்டோ ஒன்பதோ. மகள் அவருக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுவாள். அதற்காக வெள்ளிக்கிழமையிலிருந்தே அந்தக் கதையைத் திருப்பித் திருப்பி வாசிப்பாள், நான் ஒருதரமும் சொன்னதில்லை.

10. ஆங்கிலம், சிங்களம்

உங்களுக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். பிழையாகச் சொல்லிக் கொடுத்ததை மாற்றுவது ரீச்சருக்கு இரட்டை வேலை. "நாளைக்கு ரீச்சரைக் கேட்டு எனக்கும் சொல்லித் தாங்கோ" என்று பிள்ளையிடம் விடுங்கள், சந்தோசமாகக் கேட்டு வரும்.

ஆங்கிலத்தில் சின்ன பி, சின்ன டி இரண்டையும் மாற்றி எழுதுவது அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் வரும். இரண்டு கையையும் பொத்தி, பெருவிரலை மட்டும் மேலே நிமிர்த்தி, முட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். இடக்கை பி, வலக்கை டி, இரண்டும் சேர்ந்தால் கட்டில் மாதிரி இருக்கும், 'பெட்' என்ற சொல்லும் பியில் தொடங்கி டியில் முடியும். எழுதுமுன் கையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

11. முடிந்த பிறகு பார்ப்பது, முடியாததை அனுப்புவது

எல்லாப் பிழையையும் திருத்திச் சுத்தமான கொப்பியாக அனுப்பாதீர்கள். ரீச்சருக்கு அந்தக் கொப்பிதான் கண்ணாடி. எல்லாம் சரி என்றால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போவார். பிள்ளை தானே கண்டுபிடிக்கக்கூடிய பிழை என்றால், "இந்த வரியில ஒண்டு இருக்கு, தேடிப் பாருங்கோ" என்று சொல்லுங்கள். கண்டுபிடிக்காவிட்டால் அப்படியே போகட்டும்.

அழுகை வந்தால் வேலையை நிறுத்துங்கள். தண்ணீர் குடித்து, முற்றத்தில் ஐந்து நிமிடம். திரும்பி வந்தும் அழுகை என்றால் அந்தக் கொப்பி அன்றைக்கு முடிந்தது. அழுகையோடு இருத்தி முடிப்பித்த கணக்கு நாளைக்கு ஞாபகம் இராது, அழுதது மட்டும் இருக்கும். பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதுங்கள்: "20 நிமிடம் முயன்றார். 4ஆம் கணக்கிலிருந்து விளங்கவில்லை." கையெழுத்தும் வையுங்கள். ரீச்சர் ஏசுவா என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில், எங்கே தடக்கியது என்று தெளிவாக எழுதினால் அவர்கள் அடுத்தநாள் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து தடக்கினால் நேரில் போய்க் கதையுங்கள். கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா என்பதையும் ஒருக்கால் பார்ப்பது நல்லது.

வேறு பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் வேண்டாம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்பவோ முடிச்சிட்டுது" என்ற வசனத்துக்குப் பிறகு எங்கள் மேசையில் ஒரு பிள்ளை கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கியது. அந்தக் கையை எடுக்க வைக்க எனக்கு ஒரு தவணை பிடித்தது.

12. பையை மூடுவது

பையைப் பிள்ளையே அடுக்கட்டும். நாளைய நேரசூசியை வாசித்து, ஒவ்வொரு பாடமாகச் சொல்லி, கொப்பியையும் புத்தகத்தையும் சேர்த்து வைக்கட்டும். செய்து முடித்த வேலையை மேசையில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! முடித்தது வேறு, கொண்டுபோய்க் கொடுத்தது வேறு என்று சின்ன வயதிலேயே பழகவேண்டும். விடிய ஆறரை மணி அவதியில் அடுக்கினால் ஒன்று கட்டாயம் விடுபடும்.

முதல் இரண்டு கிழமை நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்றாவது கிழமை "அடுக்கியாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அதையும் கேட்காதீர்கள். ஒருநாள் ஏதாவது விட்டுவிட்டுப் போகும், அதைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்க ஓடாதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் சாப்பாடும் மட்டும் விதிவிலக்கு.

கடைசியாகப் பென்சில்களைச் சீவி ரின்னுக்குள் வைத்து, ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகத் திருப்பிக் கட்டி வைக்கட்டும். அந்தக் கட்டு கட்டுவதைத் தரம் 1 பிள்ளையிடம் கொடுங்கள், பத்து வரை எண்ணிப் பழகும்.